முகங்கட்டிச் சாமிக்குத் துணி மாற்றிய சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோவையிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து அறுபது கிலோமீட்டர் இங்கே. யாரைத் தேடி வந்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் பெயர்கூடக் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பரோட்டாக் கடையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட லாரி டிரைவர் சொன்ன ஒரு வரிதான் கையில் இருந்தது. "எங்க பெரம்பலூர் பக்கம் ஒருத்தன் இருந்தானாம் சார், மூஞ்சியை மூடிக்கிட்டுப் பெரிய வூடுகள்ல கொள்ளையடிச்சு இல்லாதவங்களுக்குக் கொடுப்பானாம்."

நான் சிறுவர்களுக்குப் படக்கதை எழுதுகிறவன். அந்த ஒரு வரியை ஊதிப் பெருக்கி 'கருந்திரை' என்று ஒரு முகமூடி வீரனை உண்டாக்கினேன். ஒன்பது புத்தகங்கள் வந்துவிட்டன. என் வீட்டு அடுப்பு அவனால்தான் எரிகிறது. இப்போது ஒன்பதையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடுகிறார்கள். அட்டையில் 'உண்மையில் வாழ்ந்தவனின் கதை' என்று அச்சடித்துவிட்டு, அந்த உண்மையானவன் யார் என்று நான்கு பக்க முன்னுரையைத் திங்கட்கிழமைக்குள் தரச் சொல்லிவிட்டார் பதிப்பாளர். அட்டையை முதலில் அடித்துவிட்டு ஆளை அப்புறம் தேடுவது எங்கள் தொழிலில் சகஜம்.

காலை 10.20. வேப்பந்தட்டை, பெரம்பலூரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். மேற்கே மலை, ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். டீ பன்னிரண்டு ரூபாய். விசாரித்த பத்தாவது நிமிஷமே குழம்பிப் போனேன். டீக்கடைக்காரர், அவன் மலையிலிருந்து இறங்கி வந்து தானிய வண்டிகளை மறித்தவன் என்றார். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், அம்மை போட்டு முகம் கெட்டுப் போனதால்தான் துண்டு கட்டினான், கொள்ளையெல்லாம் கட்டுக்கதை என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்றாமவர் இருவரையும் மடக்கினார்.

"ஒருத்தன் இல்லைங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒரே துண்டை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு வருவானுங்க. அதான் பிடிக்க முடியல."

மூன்றையும் நோட்டில் எழுதினேன். எதை அடிப்பது என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட டீக்கடைக்காரர், "சார், அவரு செத்த எடம் இங்க இல்ல. மீன்சுருட்டிப் பக்கம். முகங்கட்டிச் சாமின்னு வெச்சுக் கும்புடறாங்க. என் சகலை செல்வராசு அந்த ஊருதான்" என்று போன் போட்டுக் கொடுத்தார்.

செல்வராசு எடுத்தவுடன் கேட்டது: "உங்களுக்கு எந்த ஊருங்க?"

கோவை என்றேன்.

"இந்தப் பக்கம் சொந்தபந்தம் எதாச்சும்?"

யாரும் இல்லை என்றேன். மாமனார் வழியில்? இல்லை. பெண் எடுத்தது, கொடுத்தது? இல்லை. என்ன புத்தகம் எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில வந்துடுங்க சார், நம்ம வூட்டுலதான் சாப்பாடு" என்றார். எழுத்தாளன் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கும் மனிதரா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிற்பகல் 2.00. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் பஸ். பக்கத்து சீட்டில் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். முகம் மூடிய கொள்ளைக்காரனைத் தேடுகிறேன் என்றதும் சிரித்தார். "சுண்ணாம்புக்கல் ரோட்டுல நின்னு பாருங்க சார். வண்டி ஓட்டறவன் பூரா மூஞ்சில துண்டு கட்டியிருப்பான். யாரைன்னு பிடிப்பீங்க?" அதையும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 8.45. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மீன்சுருட்டி. நிறுத்தத்தில் ஸ்கூட்டியோடு நின்றது செல்வராசுவின் மகள் சுகன்யா. அரியலூரில் ஓர் ஆபீஸில் கணக்கு வேலை. ஆவணியில் கல்யாணம். ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மீன்சுருட்டியிலிருந்து அதிக தூரமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். நான் இரண்டாவது முறை குழம்பு கேட்டபோதுதான் செல்வராசு விஷயத்துக்கு வந்தார்.

"சார், சாமிக்கு முகத்துல கறுப்புத் துணி கட்டியிருக்கும். வருஷம் ஒருதரம் ஆடியில அதை மாத்தணும். நாங்க கட்டக்கூடாது. இந்த மண்ணுல ஒட்டு உறவு இல்லாத ஆளுதான் கட்டணும். கும்பகோணத்துலேருந்து பாத்திரம் விக்கிறவரு ஒருத்தரு வருஷா வருஷம் வந்து கட்டிட்டுப் போவாரு. இந்த வருஷம் கால் ஒடிஞ்சு படுத்துட்டாரு. ஆடி முடிய இன்னும் நாலு நாளுதான். துணி மாத்தாம கல்யாணப் பத்திரிகையைச் சாமி முன்னால வைக்க முடியாது. வைக்காம ஊருக்குக் கொடுக்க முடியாது. மாப்பிள்ளை வூட்டுல தினம் போன் பண்ணிக் கேக்கறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எழுத்துக்காக அல்ல, எனக்கு இங்கே நாதி இல்லை என்பதற்காகத்தான் ஆட்டுக்கறி. கொஞ்சம் வலித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"அவர் உங்களுக்கெல்லாம் தானியம் கொடுத்தவர்தானே? கொடுத்தவருக்கு நீங்கள் ஏன் கட்டக்கூடாது?" என்று கேட்டேன்.

செல்வராசு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"கொடுத்தவருதான் சார். பஞ்சத்துல எங்க ஆளுங்க அவரு போட்ட கம்பைத் தின்னுதான் உசுரோட இருந்தாங்க. அப்புறம் அவரைப் பிடிச்சுக் கொடுத்தா நெலம் தரோம்னு மேல இருந்த அதிகாரிங்க சொன்னாங்க. அவரு இங்க சோத்துக்கு வந்தாரு. இலையில கை வெச்சிருக்கறப்ப பின்னாலேருந்து துண்டால மூஞ்சியைக் கட்டிட்டாங்க. யாரு கட்டினது, யாரு அடிச்சதுன்னு அவரு பாத்துடக்கூடாதுல்ல. கட்டினது எங்க ஆளுங்க. அவரு உசுரோட இருந்தவரைக்கும் மூஞ்சியை மூடினதே கெடையாதாம். அப்புறம் மாடு செத்துது, புள்ளைங்க செத்துது. பயந்து போயி கல்லு நட்டாங்க. கல்லுக்கும் ஒரு வெளியாளை விட்டுத் துணி கட்டினாங்க. இன்னிக்கு வரைக்கும் அவருக்கு எங்களை அடையாளம் தெரியக்கூடாது."

என் கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது புத்தகத்திலும் கருந்திரை தன் முகமூடியைத் தானே கட்டிக்கொள்கிறான். கட்டிக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே பிள்ளைகள் வாங்குகிறார்கள். வேப்பந்தட்டையில் கேட்ட மூன்று கதைகளும் இந்த நான்காவதும் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இதுதான் உண்மை என்பதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் தங்கள் பாட்டன் செய்த துரோகத்தை எவராவது வேண்டுமென்றே கற்பனை செய்து வைத்துக்கொள்வார்களா?

"ஊர் பேரை மட்டும் போட்டுடாதீங்க சார்" என்றார் செல்வராசு. "பொண்ணு போற எடத்துல, காட்டிக் கொடுத்தவன் வூட்டுப் பொண்ணுன்னு ஒரு சொல்லு வரக்கூடாது."

காலை 11.15. சாமி இருப்பது முந்திரித் தோப்புக்குள். சுகன்யா பத்திரிகைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னோடு நடந்தாள்.

"உனக்கு இதில் நம்பிக்கை உண்டாம்மா?"

"இல்ல சார். ஆனா நாளைக்கு எனக்கு ஒரு கொழந்தை பொறந்து காய்ச்சல்ல படுத்தாக்கூட, துணி மாத்தாம கல்யாணம் பண்ணினியேன்னு எங்கம்மா அழும். அதை என்னால கேக்க முடியாது."

தோப்புக்குள் இடுப்புயரக் கல் ஒன்று. மேல் பாதியில் வெளுத்துப்போன கறுப்புத் துணி. செல்வராசு, அவர் மனைவி, சுகன்யா, பங்காளிகள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் கல்லுக்கு முதுகு காட்டி நின்றார்கள். செய்ய வேண்டியதைச் செல்வராசு திரும்பாமலே சொன்னார். பழைய துணியை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நேருக்கு நேர் பார்த்து, "உனக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அப்புறம் புதுத்துணியைக் கட்ட வேண்டும்.

அவிழ்த்தேன். எதையோ பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். மீசை இல்லை, கத்தி இல்லை. உளியால் கொத்திய இரண்டு கண்கள் மட்டும். தண்ணீர் ஊற்றியதும் அவை கறுத்துத் தெரிந்தன. மண்டியிட்டேன். சொல்ல வேண்டிய வரியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

சம்பந்தம் இல்லையா? என் பெண்ணின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, இந்தப் பயணத்துக்குப் போட்டுவந்த செருப்பு, எல்லாம் இவன் பெயரால். கட்டினவர்களாவது பயந்தார்கள், வருஷத்துக்கு ஒருமுறை முதுகைக் காட்டி நிற்கிறார்கள். நான் பன்னிரண்டு வருஷமாக அதே துணியை அவன் முகத்தில் கட்டி விற்றுக்கொண்டிருந்தேன், ஒரு பயமும் இல்லாமல். வெட்கமாக இருந்தது. எழுந்து, எனக்கு இதைக் கட்ட அருகதை இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாலு நாளில் இவர்கள் வேறு யாரைத் தேடுவார்கள்?

"சார்?" என்றார் செல்வராசு, திரும்பாமல். சுகன்யாவின் முதுகு அசையவே இல்லை.

"உனக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு துணியைக் கட்டினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். செல்வராசுவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகன்யா பத்திரிகைக் கட்டைக் கல்லின் முன் வைத்து, முதல் பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிற்பகல் 1.30, ஜெயங்கொண்டம் பேருந்து நிலையம். ஊரின் பெயர் இல்லாமல், துண்டு கட்டியவர்கள் இல்லாமல், இலையும் சோறும் இல்லாமல் இந்தக் கதையை நான்கு பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று நோட்டை விரித்து உட்கார்ந்தேன். ஒரு வாக்கியம் நிற்கவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டேன். பிறகு பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"முன்னுரை வராதுங்க. அட்டையில் இருக்கிற வரியையும் எடுத்துடுங்க."

"என்னங்க இது! அப்ப முதல் பக்கத்துல என்னதான் போடறது?"

"எல்லாப் புத்தகத்திலயும் போடறதையே போடுங்க" என்றேன். "இந்தக் கதைக்கும் உண்மையில் வாழ்ந்த எவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."