நாலாவது மூடி

டயர்க்கடைக்காரருக்கு யார் நன்றாயிருந்தாலும் வயிறு எரியும். பக்கத்துக் கடைக்காரர் பெயிண்ட் அடித்தால் எரியும், எதிர்வீட்டு மாடியில் ஓர் அறை எழும்பினால் எரியும். அதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரில் அடங்கிவிடுகிற எரிச்சல். அடங்காமல் எரிய வைத்த ஒரே ஆள் சகலைதான், அதாவது மனைவியின் தங்கை புருஷன்.

டயர்க்கடைக்காரரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம், மடக்கும் கூரை, நல்ல சிவப்பு. துருப்பிடித்த கூடாக வாங்கி, வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி அதற்கு உயிர் கொடுத்திருந்தார். அந்த மாதிரி கார் ஊரில் அது ஒன்றுதான் என்ற மிதப்பில் மனுஷனுடைய நடையே மாறியிருந்தது. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத சகலை, போன வருஷம் அதே காரை, வெள்ளை நிறத்தில், ஓடுகிற நிலையில் வாங்கிவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"அண்ணே, உங்க காரைப் பாத்துதான் எனக்கும் ஆசை வந்துச்சு!"

"நல்லாயிருக்கு சகலை" என்றார் இவர். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஆறுதல், வெள்ளைக் காரில் சக்கர மூடிகள் இல்லை. சக்கரத்தின் நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்தில், பறக்கும் பருந்து பொறித்த மூடி. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். சிவப்புக் காரில் மூன்று அசல் மூடிகள் இருந்தன. நாலாவதை இவரே லேத்தில் கடைந்து, ஊசி மாதிரி உளியால் இறகு இறகாகச் செதுக்கி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்திருந்தார். பார்த்தவர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் இவருக்குத் தெரியுமே. காரைச் சுற்றிவரும்போது அந்தச் சக்கரத்தை மட்டும் பார்க்காமல் கடந்துவிடுவார்.

பழைய கார்க்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் கூடுவார்கள். எந்தக் கார் அசல் மாறாமல் இருக்கிறதோ அதற்கு நடுவர் கோப்பை கொடுப்பார். இந்த முறை நடுவர் புதிதாக வந்த வெளியூர்ப் பெரியவர்; சிவப்பா வெள்ளையா என்பதுதான் எல்லார் வாயிலும். மூடி இல்லாத வெள்ளை எங்கே ஜெயிக்கப்போகிறது என்று இவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் காலை, சகலை வெள்ளைக் காரில் கடைக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"அண்ணே, எனக்கு அடிச்சுது யோகம்! யாரோ பழைய ஸ்டோரைக் காலி பண்றாங்க. நாலு மூடி, பிரிக்காத பெட்டி! நீங்கதான் மாட்டித் தரணும். என் கைய நம்பி இறங்க முடியாது."

எண்ணெய்த்தாள் சுற்றிய நாலு அசல் மூடிகள். கடைகடையாக ஏறி இறங்கி இவர் செருப்புத் தேயத் தேடியது, சகலை மடியில் தானாக வந்து விழுந்திருக்கிறது. டயர்க்கடைக்காரரின் காதில் புகை வந்தது.

"விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்."

அந்த மூடியை முன்னாலிருந்து தட்டி ஏற்றினால் நெளிந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி, பின்பக்கமிருந்து உள்ளே தள்ளி, கம்பி வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவைத்த பிறகுதான் சக்கரத்தை மாட்ட வேண்டும். மூன்றை ஒழுங்காக மாட்டினார். நாலாவதைக் கையில் எடுத்ததும் கை நின்றுவிட்டது. பின்கட்டில் சிவப்புக் கார் நின்றிருந்தது. ஏதோ புத்தி கெட்டுச் செய்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தார். அசலைச் சிவப்பில் மாட்டினார், தான் கடைந்ததை வெள்ளையில் மாட்டினார். சாயங்காலம் சகலை வந்து, "உங்க கை கைதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மைதானத்தில் நடுவர் சிவப்பைச் சுற்றிவந்தார். "நாலும் அசல். நல்லது" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். டயர்க்கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெள்ளையின் நாலாவது சக்கரத்தருகே போன நடுவர் நின்றார், குனிந்தார், அப்புறம் மண்டிபோட்டு உட்கார்ந்தேவிட்டார். மாட்டினோமடா என்று இவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இது எங்க கிடைச்சுது?" என்றார் நடுவர்.

"மத்ததோட சேந்துதான் வந்துச்சு. ஏங்க, போலியா?" என்றார் சகலை.

"போலியா? யோவ், மத்த மூணும் மெஷின்ல அடிச்சது. இது கையால செதுக்கினது! ஆரம்பத்துல கொஞ்ச நாள் கையாலதான் செஞ்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால பாத்ததில்ல. இறகைப் பாரு, ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. எவன் செஞ்சானோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!"

கூட்டம் மொய்த்தது. ஆளாளுக்குக் குனிந்து போட்டோ எடுத்தார்கள். கோப்பை வெள்ளைக்குப் போயிற்று. "எங்க அண்ணன்தான் மாட்டினாரு!" என்று சகலை இவர் தோளில் கைபோட்டு எல்லாரிடமும் காட்டினார். மாட்டினாராம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். சிவப்புக் காரில் அசல் மூடி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது, ஏனென்று கேட்க ஆளில்லை.

கூட்டத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டு இவர் மனைவி திரும்பி வந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க இவர் செதுக்கச் செதுக்கப் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவள் அவள்தான். அவள் முகமெல்லாம் பூரித்திருந்தது. அது எப்படி அந்தக் காருக்குப் போயிற்று என்று அவள் இன்னும் யோசிக்கவே இல்லை.

"என்னங்க, அது நீங்க செஞ்சதுதானே? எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. வாங்க, அந்தப் பெரியவர்கிட்ட சொல்லுவோம்!"

கையைப் பிடித்து இழுத்தாள். இவர் நகரவில்லை. தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால், அசல் எங்கே என்பது அடுத்த கேள்வி. வாய்வரை வந்ததை மென்று விழுங்கினார்.

"உளறாத. அது எவனோ செஞ்சது."

சொல்லிவிட்டு அந்த எவனோவை நினைத்தார். வாழ்நாளில் யார்மேலும் அவருக்கு அப்படி வயிறு எரிந்ததில்லை.