மருந்து இருக்கிறது, மறைவிடம் இல்லை

முப்பத்தெட்டு வயதிலேயே அம்மாவுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. கூடக் கொழுந்து பறித்த பெண்கள் பொறாமைப்பட்டார்கள். "ஒனக்கு யோகந்தான்க்கா. இனி மழையில துணி மாத்த எடம் தேட வேணாம்." தேயிலை மலையில் கக்கூஸ் கிடையாது, நின்றுபோனால் விடுதலை. உடம்பு கொதிக்கிறது, தூக்கமில்லை என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனவளை வலி மாத்திரையோடு அனுப்பினார்கள். இத்தனை சீக்கிரம் ஏன் நின்றதென்று எவரும் கேட்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாக உயர்தர வகுப்புவரை படித்த எனக்கும் தெரியாது. மாதவிலக்குப் பற்றிய பாடத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்ததற்குத் தாவியிருந்தார்.

போன வருடம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் இடறி, கையை ஊன்றினாள். அதற்கே மணிக்கட்டு முறிந்தது. வயது நாற்பத்தைந்துதான்! ஹட்டன் ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் பரிசோதனை செய்துவிட்டுச் சொன்னார்: "எலும்பு தேஞ்சிருக்கு, சதையும் வத்தியிருக்கு. சீக்கிரம் நின்னப்பவே ஹோர்மோன் மருந்து கொடுத்திருக்கணும். இப்பவும் தொடங்கலாம்."

அம்மா தயங்கிக் கேட்டாள்: "மறுபடியும் ரத்தம் படுமாங்க?"

"முதல் சில மாசம் அப்பப்ப படலாம்மா."

"அப்ப வேணாங்க."

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "கை ஒடிஞ்சும் புத்தி வரலையாம்மா?"

"பேச வந்துட்டாரு தொரை! பெரிய ஐயாமாரு நடந்து போற மலையில, நீ நின்னு துணி மாத்திப் பாரு."

கட்டு அவிழ்த்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நானும் போனேன். மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் கேட்டேன்: "பொம்பளைங்களுக்கு மலையில ஒரு கக்கூஸ் கட்டித் தாங்க."

அவர் சிரித்தார். "இவ்வளவு பெரிய மலை பத்தாதா தம்பி?"

"அப்ப ஒங்க வீட்டம்மாவையும் அங்கயே அனுப்புங்க ஐயா," என்றாள் அம்மா.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. "போங்க, போங்க, வேலைக்கு நேரமாச்சு!"

கக்கூஸ் இன்னும் வரவில்லை. அம்மா மருந்தைத் தொடங்கவும் இல்லை. நாலு தகரம் நட்டால் தீரும் காரியத்துக்கு என் தாயின் எலும்பு கரைகிறது. ஒடிந்து கூடிய கையோடு அதே சரிவில் கொழுந்து பறிக்கிறாள். நாளைக்கு அவள் வழுக்கி விழுந்தால், வயசாச்சு என்றுதான் சொல்வார்கள்.