பெரிய பொதி போகாத லைன்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு அந்த வாரம் மூன்றாவது தடவையாக பஸ் ஏறினேன். பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். "இன்னொரு கம்ப்ளைன் வந்துச்சுன்னா நீ வீட்டுலயே இருந்துக்க" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் இருப்பதென்றால், விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து மலைக்குத் தோட்ட வேலைக்குப் போவது. எங்கள் வீட்டில் அதிலிருந்து தப்பிப் படித்தவன் நான் ஒருத்தன்தான்.

அந்த ஆபீசில் புதிதாக இன்டர்நெட் போட்டிருந்தார்கள். நான் போய் ஒரு சின்ன மெயில் அனுப்பிப் பார்ப்பேன், போகும். சரியாகிவிட்டது என்று சொல்லி இறங்குவேன். பதுளைக்கு வந்து சேருமுன் கடைக்குப் போன் வந்திருக்கும்: கொழும்புக்கு மாத அறிக்கை போகவில்லை.

அங்கே தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"வந்திட்டீரோ தம்பி? இஞ்சையே ஒரு கட்டில் போட்டுத் தரட்டோ?"

"நம்ம தேத்தண்ணி புடிச்சுப் போச்சுங்க அவருக்கு" என்றார் சின்னக் கிளாக்கர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயரை ஏற்கெனவே மாற்றியாயிற்று. இனி மாற்ற ஒன்றுமில்லை. "ஐயா, அந்த அறிக்கையவே அனுப்புங்க, பாப்போம்" என்றேன். பாதியில் நின்றது. இரண்டு வரி மெயில் உடனே போனது. அப்போதுதான் உறைத்தது: லைன் அறுந்துபோகவில்லை, பெரியதுதான் சிக்குகிறது.

எதை அனுப்பினாலும் அது சிறு சிறு பொதிகளாக வெட்டப்பட்டுத்தான் போகும். ரவுட்டரில் ஒரு பொதியின் அளவு ஆயிரத்து ஐந்நூறு பைட் என்று இருந்தது. அளவைக் குறைத்துக் குறைத்துச் சோதித்தேன். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் அந்த லைன் ஏற்கவில்லை. அதைவிடப் பெரிய பொதியை வழியில் தவறவிட்டுவிடுகிறது. தவறவிட்டேன் என்று ஒரு சேதியும் திருப்பி அனுப்புவதில்லை. ரவுட்டரில் அளவை அதற்கே குறைத்து வைத்தேன். அறிக்கை போனது.

"என்ன பிழை?" என்றார் பெரிய கிளாக்கர்.

"எட்டு கூடிப் போச்சுங்க ஐயா."

"எட்டோ? எட்டுக்கே மூண்டு தரம் மலை ஏறினனீர்?"

"ஆமாங்க."

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. ஆபீஸ் போனில் முதலாளியை அழைத்தேன்.

"பெரிய அறிக்கையே போயிருச்சுங்க. இனிக் கம்ப்ளைன் வராது."

"அப்ப சரி. நாளைக்கு அப்புத்தளைக்குப் போ. அங்கயும் இதே கதைதானாம்."

வேலை போகவில்லை. இருந்த களைப்பில் அந்தச் சந்தோஷத்தைக்கூட உட்கார்ந்துதான் பட முடிந்தது. ஆபீஸ் வாசலில் இருந்த வாங்குப் பலகையில் சாய்ந்து, கடைசி பஸ் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டேன்.