முப்பத்தாறாவது படம்

எங்கள் வீட்டு கேமராவில் ஒரு பிலிம் சுருளுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறும் தீராமல் அப்பா அதைக் கழுவக் கொடுக்க மாட்டார். பொங்கலுக்கு எடுத்த படத்தை ஆடி மாதம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அத்தையின் நிச்சயதார்த்தத்தன்று மட்டும் தாராளமாகி முப்பத்து மூன்றை எடுத்துத் தள்ளிவிட்டார். அன்று முழுக்க நான் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்காக மீதி மூன்றும் எனக்கு என்றார். எனக்கு ஒன்பது வயது. ஆற்றங்கரை மீன்கொத்தியை எடுப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் அப்பாவின் தங்கையான அத்தைதான். பெண் பார்க்க வந்தபோதும் நிச்சயத்தின்போதும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. "அவுக காலைத்தான் மயினி பாத்தேன். மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியல" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது. நான் மூன்று படத்தையும் எடுத்து முடித்தால்தான் அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியும். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

கோடை விடுமுறை. என்னைத் தனியாக ஆற்றுக்கு விடமாட்டார்கள் என்பதால் தினமும் காலையில் அத்தை துணைக்கு வந்தாள். படித்துறைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் சாய்ந்து நின்ற ஒரு மூங்கில் கழியில்தான் மீன்கொத்தி வந்து உட்காரும். கைக்குள் அடங்குகிற அளவு. முதுகில் அப்படியொரு நீலம். முதல் நாள் பார்த்ததும் அமுக்கினேன். ஃப்ளாஷ் வெட்டியது, குருவி அக்கரைக்குப் போய்விட்டது. அன்று மாலை அப்பா ஃப்ளாஷை அணைத்துக் கொடுத்தார். மறுநாள் "அத்தே, அங்கன பாரு!" என்று கத்திக்கொண்டே எடுத்தேன். படத்தில் கழி மட்டும்தான் விழுந்திருக்கும்.

மிஞ்சியது ஒன்று. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வாயை மூடப் பழகினேன். கொசு கடித்தாலும் சொறியாமல் இருக்கப் பழகினேன். அத்தைக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"ஏட்டி, அந்தா கொக்கு நிக்கு. எம்புட்டுப் பெருசு! அத எடேன்."

"கொக்கு வேண்டாம்."

"அப்ப என்னய எடு."

"முப்பத்து மூணுலயும் நீதான இருக்க அத்தே?"

அவள் சிரித்த சிரிப்பில், அப்போதுதான் வந்து உட்கார்ந்த மீன்கொத்தியும் பறந்துவிட்டது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவளும் மூச்சுக் காட்டவில்லை.

பத்தாம் நாள் நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தபோது என் தோளை அவள் விரல் அழுத்தியது. திரும்பினால் கழியில் அது, வாயில் மீனோடு! "பைய, பைய" என்றாள், உதடு அசையாமல். மீனைக் கழியில் இரண்டு அடி அடித்து விழுங்கிவிட்டு அது நிமிர்ந்தபோது அமுக்கினேன். சுருள் முடிந்ததில் கேமரா கிர்ரென்று தானாகச் சுற்றியது. நாங்கள் இருவரும் குதித்த குதியில், குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்துக் கரையேறிவிட்டார்கள்.

படங்கள் கழுவி வந்தன. என் படத்தில் ஆறு இருந்தது, கழி இருந்தது, கழியின் மேல் அரிசி அளவுக்கு ஒரு நீலம். "குருவி எங்கட்டி?" என்று அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விரல் வைத்துக் காட்டினேன், விரலுக்கடியில் குருவி மறைந்துபோனது. அப்படியும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தை மட்டும் வேறு ஒரே ஒரு படத்தை உருவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பத்து நாள் என்னோடு உட்கார்ந்திருந்தவள் என் குருவியைப் பார்க்கவில்லையே என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

இப்போதும் குருவிகளுக்காக மணிக்கணக்கில் உட்காருகிறேன். உனக்கு நல்ல பொறுமை என்று யாராவது சொன்னால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பத்து நாளும் கேமரா அத்தையின் பீரோவில்தான் இருந்தது. இரண்டாம் நாளுக்குப் பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். சுவரைப் பார்த்து ஒருமுறை அமுக்கியிருந்தால் போதும், அன்றைக்கே சுருள் கழுவப் போயிருக்கும். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொன்னால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவள் அமுக்கவில்லை. காத்திருந்தது நான் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.