அவள் நேர்ந்த சைக்கிள்

என் சைக்கிள் சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில், உத்திரத்தில் இரண்டு கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கியபின் பதினாறு ஆண்டுகள் அதை நான் தொடவில்லை. மழைநாட்களில் என் மனைவி அதன்மேல் துணி காயப்போடுவாள். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது கிராணி. கொழுந்து நிறுவை, ஆள் கணக்கு, அரிசிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. எண்ணுவது அங்கே தொற்றிக்கொண்ட பழக்கமா, பிறவியிலேயே இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் குடல்காய்ச்சல் வந்தது. தாப்பா ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று நாள் கிடந்தேன். அதில் நாலைந்து நாள் எனக்கு நினைவில்லை. அந்த நாட்களில் ஒன்றில் டாக்டர் கையை விரித்திருக்கிறார். என் மனைவி உடனே தன் அண்ணனை, லோரி ஓட்டும் என் மச்சானை, ஈப்போவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அங்கே குகைக்குள் இருக்கும் முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

"தைப்பூசத்துக்குத் தோட்டத்துலேர்ந்து ஈப்போ வரைக்கும் நீங்க சைக்கிள்ல வருவீங்கன்னு வேண்டிக்கிட்டேன்."

"நானா? என்னைக் கேக்காமலா? ஒன் முடியக் குடுக்கறதா வேண்டிக்கிறதுதானே?"

"என் முடி எதுக்கு? காய்ச்சல் வந்தது உங்களுக்குத்தானே? சைக்கிளும் சும்மாதான தொங்குது."

மச்சான் கட்டில் ஓரமாக நின்று சிரித்தார். "சாமிக்கே வீட்டுல கெடக்குற பழைய சாமானத் தள்ளிவிடுறா, பாத்தீங்களா மாப்ளே."

அந்த ஆண்டு ஐப்பசியில், துணி துவைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் விழுந்தாள். மச்சான்தான் லோரியில் கொண்டுபோனார். தாப்பா போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. சாவுக்கு வந்த லோரிகள் நான்கு, கார்கள் இரண்டு, மாலைகள் முப்பத்தொன்று. எண்ணாமல் இருக்க முடியவில்லை. மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது.

"புருசன் உசுருக்குப் பதிலா தன் உசுர வச்சில்ல வேண்டிக்கிட்டாளாம்."

"அதான் கூப்பிட்டுக்கிட்டாரு," என்றாள் இன்னொருத்தி.

அந்த ஓராண்டும் எங்களுக்குக் கோயில் கிடையாது. தைப்பூசம் ஒன்று வந்து போயிற்று. நான் ஆபீசுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். தோட்டத்தில் பாதிப் பேர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு இருந்தது. ஒருத்தியின் உயிரை எடுத்துக்கொண்டு நடமாடுகிறவனைப் பார்க்கும் பார்வை. வேண்டுதலின்போது அவளோடு இருந்தவர் மச்சான் ஒருவர்தான். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்று கேட்கவில்லை.

வருடத் திதி முடிந்த மறுவாரம் சைக்கிளை இறக்கினேன். பக்தியால் அல்ல. என் கணக்கு வேறு. அவள் சாமியிடம் பேசியது சைக்கிள்தான் என்றால், அதை நான் ஒரு மைல் குறையாமல் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அவளிடமிருந்து வேறெதுவும் எடுக்கப்படவில்லை என்றாகிவிடும். நாற்பத்தைந்து வயதில், கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு மனிதன் இப்படி நினைத்தான்.

தோட்டத்துப் பாதையில் பழகத் தொடங்கினேன். முதல் நாள் ஃபாக்டரி வரைகூடப் போக முடியவில்லை. தொடை நடுங்கி, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கிராணி, மோட்டார வித்துட்டீங்களா?"

"நீ ஒண்ணு. கிராணிக்குப் பொண்ணு பாக்குறாங்கடி. வயித்தக் கொறைக்கிறாரு."

சிரிப்பு ஒரு வரிசை முழுக்க ஓடிச் சட்டென்று நின்றது. யாரோ அவளைக் கிள்ளியிருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வரிசையில் பதினொரு பேர் இருந்தார்கள் என்பது மட்டும் தங்கியது.

மார்கழி முழுக்கப் பழகினேன். முழங்காலுக்குத் தைலம், பின்புறத்துக்கு மடித்துத் தைத்த துண்டு. இரண்டு டயர்களையும் மாற்றினேன். பிரேக் கட்டைகள் தேய்ந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் நான்கு ஜோடி வாங்கினேன். சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே என்னை ஒருமுறை பார்த்து, ஏன் என்று கேட்காமல் பொட்டலம் கட்டினார்.

பூசத்துக்கு முந்தின நாள் விடியும்போது புறப்பட்டேன். மச்சான் லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் லோரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். தாப்பாவரை ஒரே இறக்கம். ஏற்றம் இல்லாததால், பிரேக் கட்டைகளைத் தவிர அந்தப் பாதியில் வேறெதைப் பற்றியும் நான் கவலைப்படவே இல்லை. கைகளை நினைக்கவில்லை; அதுதான் என்னைப் பிடித்தது. வளைவுக்கு வளைவு பிரேக்கை இறுக்கி இறுக்கி, பாதி வழியில் விரல்கள் குளிரில் மரத்தன. தாப்பாவுக்கு வந்து வெயில் ஏறிய பிறகும் அவற்றில் உணர்வு திரும்பவில்லை. கடையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் மேசையில் சிந்தினேன். மச்சான் கோப்பையை என் வாயருகே பிடித்தார்.

"நல்லாக் குடிங்க. பாக்குறவங்க பாக்கட்டும். நமக்கு என்ன வெக்கம் லா."

அங்கிருந்து சமவெளி. வெயில், டிரங்க் ரோட்டில் உரசிக்கொண்டு போன லோரிகள், ஈயச் சுரங்கக் குளங்கள். சில இடங்களில் பழைய மைல் கல்லும் புதிய கிலோமீட்டர் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டையும் ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொண்டே மிதித்தேன். கம்பாரில் இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது எழுந்திருக்க முடியவில்லை.

"ஏத்திக்கலாம் மாப்ளே. பத்து மைல்தான். கோப்பெங்ல இறக்கிவிடுறேன். சாமி என்ன, டேப்பு வச்சா அளக்குது?"

"வேணாம் மச்சான்."

"நாளைக்கு நீங்க படுத்துட்டா?"

"வேணாம்னேன்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லோரியில் போய் உட்கார்ந்தார். குறைகிற பத்து மைலுக்கு எதை ஈடு வைப்பது என்று நான் நினைத்தது அவருக்குத் தெரியாது.

ஈப்போ சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோயிலில் ஒரே கூட்டம். தேங்காயை என் கையில் கொடுத்தால் நழுவியது. மச்சான் அதை வாங்கித் தட்டில் வைத்து, என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். குருக்கள் அவசரத்தில் இருந்தார்.

"யாரு பேருக்கு?"

வேண்டிக்கொண்டவள் அவள். அவள் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை இல்லை என்பது நாக்கு நுனிக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். மச்சான் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். குருக்கள் எனக்கு நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டு மந்திரம் சொன்னார். திருநீறு என் உள்ளங்கையில் விழுந்தது. கையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. பசித்தது.

பூசம் முடிந்து மறுநாள் காலை, சைக்கிளை லோரியின் பின்னால் கட்டிப்போட்டுத் திரும்பினோம். தாப்பா தாண்டி ஏறத் தொடங்கியதும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் கேட்டேன்.

"மச்சான், அன்னிக்கு அவ வேற ஏதும் வேண்டிக்கிட்டாளா?"

"வேற என்ன?"

"தோட்டத்துல பேசிக்கிறாங்களே."

அவர் கியரை மாற்றினார். "அட, நீங்க வேற. சைக்கிள் மட்டுந்தான். நான் பக்கத்துலதான நின்னேன்? மொதல்ல பால்குடம்னா. அப்புறம் பால் வெலைய நெனச்சு விட்டுட்டா. பிரிஞ்சாங் பாசார்ல கோசுக்குப் பேரம் பேசுவாளே, அப்படித்தான். உங்களுக்கு ஒரு கோழி அறுக்கவே ரெண்டு தரம் யோசிப்பா மாப்ளே. உசுரையா வைப்பா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது அவள் செய்யக்கூடியதுதான்.

சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்த வளைவுகளில் லோரி ஓட்டுகிறவர் திரும்பக் கூடாதுதான். அதற்குப் பிறகு நான் அவரிடம் கேட்டதில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை. ஆனால் ரிங்லெட் நெருங்கும்போது ஒன்று தோன்றியது, இன்றுவரை போகவில்லை. கோயிலில் நான் சந்நிதியில் நின்றபோதும், அன்று அவளுக்குப் பக்கத்தில் நின்றதுபோல, அவர் என் பக்கத்தில்தான் நின்றார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியாது. நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அதுவும் அவருக்குத் தெரியாது.