அல்லது அதற்குச் சமமானது

சுகந்தியை அமெரிக்காவில் வேலையிலிருந்து நிறுத்தியதற்கு அவளுடைய வாய்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

சுகந்தி என் தங்கை. புளோரிடாவில், கடலோரக் கட்டடங்களின் கண்ணாடி முகப்புகளுக்கு விவரக்குறிப்பு எழுதுகிற பொறியியலாளராக இருந்தவள். என்ன கண்ணாடி, எவ்வளவு தடிப்பு, எதனால் ஒட்டுவது, எதில் பொருத்துவது என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வைப்பது அவள் பொறுப்பு. சூறாவளி வருகிற கரை அது. "கண்ணாடிக்கு ரெண்டு சட்டம் வேணும் அக்கா. ஒண்டு அலுமினியத்தில, மற்றது அரசாங்கத்தில" என்பாள்.

அந்த இரண்டாவது சட்டம் பொல்லாதது. மரக்கட்டை ஒன்றைப் பீரங்கி போன்ற ஒரு கருவியில் வைத்துக் கண்ணாடிமேல் அடிப்பார்களாம். கண்ணாடி வெடிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் சட்டகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. ஒரு கண்ணாடி இடம் விட்டுப் போனால் காற்று உள்ளே புகும். உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கும். உடைந்தாலும் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் நல்ல கண்ணாடி... மனிதர்களுக்கும் இது பொருந்துமோ என்னவோ.

வாய் என்றேன் அல்லவா? அவளுக்கு மணமகன் தேடி அப்பா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். 'டொக்டர், பொறியியலாளர் அல்லது அதற்குச் சமமான தகைமையுடைய' என்று தொடங்கும் விளம்பரம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அந்தச் சொற்றொடர் இல்லாத பக்கம் உண்டா? அதை வாசித்துக் காட்டியபோது தொலைபேசியில் சுகந்தி கேட்டாள்:

"சமம் எண்டு ஆர் சொன்னது அப்பா? சோதிச்ச அறிக்கை இருக்கோ?"

அப்பா ரிசீவரை வைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் 'வாய்க்காரி.' வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று அவளே தொலைபேசியில் சொன்னபோது அம்மா அழவில்லை. "தெரிஞ்சதுதானே" என்றார். கொழும்பில், எங்கள் வெள்ளவத்தைச் சந்தையில் யாராவது விசாரித்தால் மட்டும், "லீவில நிக்கிறாள்" என்பார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எங்களுக்கு அது வெட்கம். படித்த பெண், ஒரு வேலையைக் காப்பாற்றத் தெரியாதவள்!

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சுகந்தி சென்ற வருடம் திரும்பி வந்து என்னோடு இருக்கிறாள்.

போன ஞாயிறு எங்கள் தொடர்மாடியில் கூட்டம். கடல் பக்கமாக, மாடிப்படி நெடுகிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. சென்ற காற்றுக் காலத்தில் அது வெடித்தது. கழற்றிவிட்டுத் தறப்பாள் சீலை கட்டி மறைத்திருக்கிறோம். அதற்கு நேர் கீழேதான் பள்ளிக்கூட வான் வந்து நிற்கும்; பிள்ளைகள் புத்தகப் பையோடு வரிசையாக நிற்பார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய, உடைந்தாலும் கீழே கொட்டாத கண்ணாடிதான் வேண்டும் என்று சுகந்தி முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள்; சங்கம் அதன் கீழே 'அல்லது அதற்குச் சமமானது' என்று சேர்த்திருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒப்பந்தகாரர் அன்ரனி மரியாதையாகத்தான் பேசினார்.

"மெடம் கேட்ட கண்ணாடிய ஓடர் குடுத்துத்தான் எடுக்கணும். அது வர்றதுக்குள்ள காத்துக் காலம் முடிஞ்சிரும். எங்ககிட்ட டஃபன்ட் கண்ணாடி இருக்கு. உடஞ்சாலும் சீனி மாதிரிக் கொட்டிரும், வெட்டாது. அதுவும் இதுக்குச் சமம்தான்."

சங்கத் தலைவர் சிவபாதம் அண்ணை, மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். பகிடி விடாமல் ஒரு கூட்டத்தையும் முடிக்க மாட்டார்.

"தங்கச்சி, இது மயாமி இல்லை, வெள்ளவத்தை. இஞ்ச காத்தும் எங்கட ரெயில் மாதிரி. வந்தாலும் பிந்தித்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். இனி இவள் தொடங்குவாள். நாளை படியில் யார் முகத்திலும் விழிக்க முடியாது...

அவள் தொடங்கவில்லை. கதிரையில் இருந்தபடியே மெல்லச் சொன்னாள்.

"சமம் எண்டு ஒருக்கா நானும் எழுதிக் குடுத்தனான்."

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். அவளே தொடர்ந்தாள்.

"ஒரு பள்ளிக்கூடம். புயல் வந்தா சனம் வந்து தங்கிற இடமும் அதுதான். நான் எழுதின கண்ணாடி வரப் பிந்திப்போச்சு. வேறை ஒண்டு கொண்டுவந்தினம். சோதிச்ச அறிக்கை இருந்தது, ஆனா அது சின்னக் கண்ணாடிக்கு. எங்கட கண்ணாடி பெரிசு. பெரிசைத் திரும்பச் சோதிக்க வேணும். எல்லாரும் என்ர கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நிக்கினம். எப்பவும் வாய் காட்டுறவள் எண்டு எனக்குப் பேர். ஒருக்கா எண்டாலும் வாயை மூடுவம் எண்டு நினைச்சன்."

என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

அடுத்து வந்த புயலில் அந்தக் கண்ணாடி சட்டகத்தை விட்டு முழுசாகக் கழன்று உள்ளே வந்தது. பின்னால் வந்த காற்றில் கூரையின் ஒரு பக்கம் போனது. சுவரோரம் படுத்திருந்த ஒரு பெண்ணின் வலக்கை நசுங்கியது.

"மன்னிப்புக் கேக்க ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டன். கம்பனி வக்கீல் விடேல்லை. மன்னிப்புக் கேட்டா பிழையை ஒப்புக்கொண்டதாப் போயிடுமாம். ஒப்புக்கொள்ளத்தானே நான் வெளிக்கிட்டனான்."

சிவபாதம் அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப... உம்மை அவங்கள் நிப்பாட்டினதெண்டு இஞ்ச ஒரு கதை. அது இதுக்கோ?"

"இல்லை அண்ணை. நானா விட்டனான்."

அன்ரனிதான் முதலில் பேசினார்.

"அந்த அம்மாவுக்குக் கை இப்ப எப்படி, மெடம்?"

"தெரியாது. இண்டைக்கும் தெரியாது."

அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "நீங்க சொன்னதையே ஓடர் பண்றேன். பேப்பர்ல அந்தச் 'சமம்' வேணாம், வெட்டிருங்க."

இந்தக் காற்றுக் காலம் முழுக்கத் தறப்பாள்தான் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூட வான் இனிப் பின் கேற்றில் நிற்கும். சிவபாதம் அண்ணை அதற்கொரு பகிடியும் சொல்லவில்லை.

ஒன்று விளங்குகிறது. இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தா நாம் சமம் என்கிறோம்? காத்திருக்கப் பொறுமை இல்லாதபோது சொல்கிறோம். கண்ணாடிக்கு மட்டுமா? மாப்பிள்ளைக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி தேத்தண்ணி ஊற்றினாள். நான் கேட்டேன்: "எங்களுக்கு ஏன் பொய் சொன்னனீ?"

"நிப்பாட்டினவங்கள் எண்டா நீங்கள் அவங்களை ஏசுவியள், இல்லாட்டி என்னை ஏசுவியள். அதோடை முடிஞ்சிடும். நானா விட்டனான் எண்டா ஏன் எண்டு கேப்பியள், அக்கா."

சீனி போட்டதா என்று பார்க்க என் கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டுத் தந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.

நாங்கள் வெட்கப்பட்டது உண்மைதான். ஆனால் தவறான காரணத்துக்காக, தவறான ஆளைப் பார்த்து. அவள் வாய் திறந்த இடமெல்லாம் சரியான இடம். மூடிய ஒரே இடத்தில், மூடச் சொன்ன குரல்களில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது.

என்னைத் தடுக்க எந்த வக்கீலும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை அவளிடம் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. இங்கே எழுதுவது அதற்குச் சமமும் ஆகாது.

அவளை வாய்க்காரி என்று அழைத்தவர்களில், இந்த வீட்டில் எஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.