ஆயாம்மாவுக்கும் அதே சேலை

ஓய்வறை மேசையில் பதினான்கு சேலைகள் அடுக்கியிருந்தன. எல்லாமே அரக்கு நிறம், எல்லாமே ஒரே கடையில் எடுத்தவை. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், பெண்கள் மட்டுமே வேலை பார்த்த ஒரு சிறிய தனியார் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. திங்கட்கிழமை முதல் எல்லோருக்கும் சீருடை என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. காலையில் எதைக் கட்டுவது என்று பீரோ முன்னால் நின்றே பேருந்தைத் தவறவிடுகிறவள் நான். ஆனால் ஆசிரியைகள் மொத்தம் பதின்மூன்று பேர்தான். மிச்சமிருக்கும் சேலை யாருக்கு என்று கேட்டேன். “ஆயாம்மாவுக்கு” என்றார்.

ஆயாம்மா வகுப்பறைகளைக் கூட்டுவார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார், வாந்தி எடுத்த பிள்ளையைத் தூக்கிப்போய் முகம் கழுவிவிடுவார். அவர்மேல் எங்களுக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் அதே சேலையா? இருந்தவர்களிலேயே இளையவளான நான்தான் வாயைத் திறந்தேன்.

“வர்ற பேரண்ட்ஸுக்கு யாரு டீச்சர், யாரு ஆயாம்மான்னு எப்பிடித் தெரியும், மேடம்?”

தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டிலிருந்து நிமிரவேயில்லை. “கேட்டா சொல்லப்போறோம்” என்றார். துடைப்பம் பிடிக்கிறவளும் நானும் ஒரே சேலையில் நிற்கவா எம்.எஸ்சி., பி.எட். படித்தேன் என்று அன்று வீட்டில் அம்மாவிடம் பொருமியதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சில வாரங்களில் பெற்றோர் கூட்டம் வந்தது. அனுமந்தன்பட்டியிலிருந்து ஒருவர், திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போகவேண்டும் என்பதால், எட்டு மணிக்கே வந்துவிட்டார். நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே அவர் குரல் கேட்டது. “டீச்சர், எம்மக ஆறாப்பு. கவனமில்லைன்னு எழுதிருக்கீக. வீட்டுல நல்லாத்தான படிக்கிறா?”

“நான் டீச்சர் இல்லண்ணே, இங்கன கூட்டுறவ. டீச்சர் இப்ப வந்துருவாக” என்றது ஆயாம்மாவின் குரல். மகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு, தயங்கியபடியே தொடர்ந்தார். “அந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும்ணே. மத்ததுக சாப்பிடப் போனதும் போர்டுகிட்டப் போயி, மூக்கு ஒட்டுறாப்புல நின்னு எழுதிக்கிட்டு இருக்கும். அதுக்காகவே அந்தக் கிளாஸ் போர்ட மட்டும் கடைசியாத்தான் அழிப்பேன். கண்ணு சரியாத் தெரியலையோ என்னமோ. ஆஸ்பத்திரில ஒருக்கா காட்டுங்கண்ணே.”

கவனமில்லை என்று எழுதியவள் நான்தான். பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். மதியம் ஆயாம்மாவைத் தேடிப்போய், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கோபமே இல்லாமல் சிரித்தார். “சொல்லணும்னுதான் ரெண்டு மூணு தடவ வந்தேன். நீங்கள்லாம் பேசிக்கிட்டே இருந்தீக. நடுவுல எப்பிடி வர்றது டீச்சர்?”

அந்தப் பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் காலை, நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று கத்தினாள்: “டீச்சர், உங்க சேலையில பூவெல்லாம் இருக்கு!” வகுப்பே சிரித்தது. வாரக்கணக்கில் அவள் முன்னால் அதே சேலையில்தான் நின்றிருக்கிறேன். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மனம் திருந்திய வேகத்தில் அன்றே ஆயாம்மாவிடம் போய், நாம் எல்லோரும் ஒரே சேலை கட்டுவது எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று அறிவித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு இந்தச் சேலையே வேணாம் டீச்சர். வழுவழுன்னு இருக்கு, குனிஞ்சு கூட்டுனா இடுப்புல நிக்க மாட்டேங்குது. நூல் சேலையா எடுக்கச் சொல்லுங்களேன்.” அவருக்கு அந்தச் சேலை கூடாது என்று நானும், கூடும் என்று தலைமை ஆசிரியையும் நின்றோமே தவிர, கட்டுகிறவரை இருவருமே கேட்கவில்லை. நான் போய்ச் சொன்னதும் தலைமை ஆசிரியை முதன்முறையாகப் பதிவேட்டை மூடிவைத்து யோசித்தார். அடுத்த ஆண்டு எல்லோருக்கும் நூல் சேலை. மதியத்துக்குள் பள்ளிக்கூடமே கசங்கிப்போயிருக்கும். ஆனால் கோடை வெயிலுக்கு அத்தனை சுகம்.

இப்போது நான் தேனியில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். போன மாதம் இங்கும் சீருடைப் பேச்சு வந்தது. ஆசிரியர், பணியாளர் எல்லோருக்கும் உடைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கோட்டு. மாதிரிக்கு ஒன்று மேசைமேல் கிடந்தது. கோட்டு மரியாதை என்றார் ஒருவர். நாமென்ன லேப் டெக்னீஷியனா என்றார் இன்னொருவர். முடிவெடுக்குமுன் இங்குள்ள ஆயாம்மாவையும் கூப்பிட்டுக் கேட்போம் என்றேன். சின்னப் பெண்தான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டாள். விரல்கள் மட்டுமே உள்ளே போயின.

“பை ஆழமே இல்லையே டீச்சர். குனிஞ்சா போன் விழுந்துராது?”

வேண்டும், வேண்டாம் என்று அரைமணி நேரமாக மோதிக்கொண்டிருந்தவர்கள், ஆளுக்கொரு தடவை அந்தப் பைக்குள் கையை விட்டுப் பார்க்க ஆரம்பித்தோம்.